1940 மாட்ரிட்டில் ஒரு கொலையை யார் விசாரிப்பார்கள்?

கேள்வி இதுதான்: ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம் மாட்ரிட்டில் நடக்கும் கொலைக்கதை. வாடகை அறையில் ஒரு பிணம். காவல் ஆய்வாளர் வருகிறார், அடையாள அட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார், அண்டை வீட்டாரை விசாரிக்கிறார், யார் பொய் சொல்கிறார்கள் என்று பிடித்துவிடுகிறார். கதை ஓடுகிறது, ஆனால் காலம் ஒட்டவில்லை. ஊர்ப் பெயரை மாற்றினால் வேறு எங்கும் நடக்கலாம். கோளாறு எங்கே?

முதல் அத்தியாயத்திலேயே. இந்த ஒரு பிணத்துக்காக எதற்கு ஒருவர் மெனக்கெடுகிறார் என்று உங்கள் கதை கேட்டுக்கொள்ளவே இல்லை. 1940 தொடக்கத்தில் அரசுக் கணக்குப்படியே ஸ்பெயின் சிறைகளில் 2,70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மாட்ரிட்டின் கிழக்கு இடுகாட்டுச் சுவரோரம் விடிகாலையில் ஆட்களை நிறுத்திச் சுட்டார்கள். 1939 முதல் 1944 வரை அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர். பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் தனி. அரசே இப்படிக் கொன்றுகொண்டிருக்கும் ஊரில், அறையில் கிடக்கும் ஒருவனுக்காக ஒரு கோப்பு திறக்கப்படுகிறது என்றால் அதனால் யாருக்கோ லாபம் இருக்க வேண்டும். செத்தவன் போரில் வென்ற பிராங்கோ தரப்பின் ஆளாக இருக்கலாம். அவன் சொத்து யாருக்காவது வேண்டியிருக்கலாம். தோற்ற குடியரசுத் தரப்பில் ஒருவன்மேல் பழிபோட இந்தச் சாவு தோதாக இருக்கலாம். அல்லது விசாரணை நடந்த மாதிரி காட்டி மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கலாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி கதை தானே அமைந்துவிடும்.

அடுத்தது, விசாரிப்பவர் யார். ஆங்கில நாவல்களின் பழக்கத்தில் ஆய்வாளரே எல்லாவற்றையும் நடத்துகிறார். ஸ்பெயினில் அப்படி இல்லை. 1882-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி விசாரணையை நடத்துபவர் விசாரணை நீதிபதி. அவர் வந்து பார்த்து உத்தரவிடாமல் பிணத்தை நகர்த்தக்கூடாது. தடயவியல் மருத்துவர் அவருக்குத்தான் அறிக்கை தருவார். போலீஸ் அவருக்கு உதவியாள். ஆகவே உங்கள் ஆய்வாளர் பிணத்தருகே காத்திருக்க வேண்டும். நீதிபதி தாமதமாக வருகிற அந்த இரண்டு மணி நேரம்தான் அறையைத் தனியாகப் பார்க்க அவருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. இதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள்.

இந்த நீதிபதிக்கும் மேலே ராணுவம். 1936-இல் கிளர்ச்சித் தரப்பு, அதாவது குடியரசை எதிர்த்து எழுந்து பிறகு வென்ற பிராங்கோ தரப்பு, அறிவித்த போர்க்கால நிலை 1948 வரை நீடித்தது. ‘கிளர்ச்சி’, ‘கிளர்ச்சிக்கு உதவி’ என்று ராணுவ வழக்கறிஞர் ஒரு முத்திரை குத்திவிட்டால் கோப்பு அன்றைக்கே கைமாறிவிடும். அதற்குப் பிறகு நடப்பது அவசரப் போர் நீதிமன்றம்: ஒரே அமர்வில் பல பேர், வாதாட ஒரு ராணுவ அதிகாரி, கட்சிக்காரரிடம் பேச அவருக்குக் கிடைப்பது சொற்ப நேரம். இதுவே ஆய்வாளரின் உண்மையான கெடு. கொலைகாரன் தப்பிவிடுவான் என்ற பயத்தைவிட, வேறொருவன் அதற்குள் சுடப்பட்டுவிடுவான் என்ற பயம் கதையை வேகமாக இழுக்கும். மரண தண்டனை முறையிலும் வேறுபாடு உண்டு. ராணுவத் தீர்ப்பு பெரும்பாலும் துப்பாக்கிச் சூடு. சாதாரணக் கொலைக்குக் கரோத்தே, அதாவது கம்பத்தோடு உட்காரவைத்து இரும்புப் பட்டையால் கழுத்தை நெரிப்பது. குடியரசு 1932-இல் பொதுக் குற்றவியல் சட்டத்திலிருந்து மரண தண்டனையை எடுத்திருந்தது. பிராங்கோ அரசு 1938-இல் திரும்பக் கொண்டுவந்தது.

ஆய்வாளரின் சீருடைப் பிழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அடிக்கடி வரும் தவறு. ‘சாம்பல் உடுப்பினர்’ என்று மக்கள் சொன்ன ஆயுதப் போலீஸ் 1941 மார்ச் 8-ஆம் தேதிச் சட்டத்தில்தான் பிறந்தது. உங்கள் கதை 1940 இலையுதிர்காலம். அப்போது அந்தப் படை இல்லை. பாதுகாப்புத் தலைமையகம் புவெர்ட்டா தெல் சோல் சதுக்கத்திலுள்ள பழைய தபால் மாளிகையில் இருந்தது என்று எழுதியிருப்பது சரி.

ஆய்வாளருக்கே ஒரு கோப்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். அரசு ஊழியர்களைச் சலித்தெடுக்கும் சட்டம் 1939 பிப்ரவரி 10-இல் வந்தது. கிளர்ச்சி வெடித்த 1936 ஜூலை 18 அன்று எங்கே இருந்தீர்கள், யாருக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டீர்கள், உங்களுக்காக யார் உறுதி சொல்வார்கள் என்று எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். போர்க்காலம் முழுவதும் மாட்ரிட்டில் பணியிலிருந்த போலீஸ்காரர் என்றால், குடியரசுக்கு வேலை செய்தவர் என்று பொருள். அவர் இன்னும் வேலையில் இருக்கிறார் என்றால் அதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறார். கூட இருக்கும் இளைஞர் வேறு வகை. 1939 ஆகஸ்ட் 25-ஆம் தேதிச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 80 சதவீதத்தை வென்ற தரப்பின் ஊனமுற்றோர், போர் வீரர்கள், குடியரசுச் சிறையிலிருந்தவர்கள், கொல்லப்பட்டோரின் குடும்பத்தினர் ஆகியோருக்கு ஒதுக்கியது. விசுவாசம் இருக்கும், தொழில் தெரியாது. தொழில் தெரிந்தவரிடம் நம்பிக்கை இல்லை, நம்பிக்கைக்குரியவருக்குத் தொழில் தெரியாது என்ற இந்த இழுபறியே இரண்டு பாத்திரங்களுக்கும் போதுமான தீனி.

அடையாள அட்டைக்கு வருவோம். தேசிய அடையாள அட்டைக்கான ஆணை 1944-இல்தான் வந்தது. மக்கள் கைக்கு வந்தது 1951-இல். 1940-இல் செத்தவன் சட்டைப் பையில் இருக்கக்கூடியவை வேறு: வரி கட்டியதற்கான தனிநபர்ச் சான்று, மாகாணம் விட்டு மாகாணம் போகப் பயண அனுமதிச் சீட்டு, ரேஷன் அட்டை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ‘அவால்’. இந்த அவால்தான் காலத்தின் தங்கம். இன்னார் ஒழுக்கமானவர், மதப்பற்றுள்ளவர், பிராங்கோவின் இயக்கத்துக்கு எதிரி அல்லர் என்று ஊர்ப் பாதிரியோ ஆளும் ஃபாலாங்கே கட்சிப் பொறுப்பாளரோ செல்வாக்குள்ள ஒருவரோ எழுதிக் கொடுக்கும் நற்சான்று. வேலைக்கு, விடுதலைக்கு, சில சமயம் உயிருக்கே அது வேண்டும். வேண்டியவை விற்கப்படும், விற்கப்படுபவை போலியாகும். செத்தவன் அவால் தரகனாக இருந்தால் அவனைக் கொல்ல நாற்பது பேருக்குக் காரணம் இருக்கும்.

போலியைப் பிடிக்க ஆய்வகம் வேண்டாம், தேதி போதும். கிளர்ச்சித் தரப்புக் காகிதங்களில் ஆண்டோடு ‘மூன்றாம் வெற்றி ஆண்டு’ என்ற மாதிரி ஒரு வாசகம் சேரும். 1939 ஏப்ரல் 1 அன்று போர் முடிந்த அறிக்கையிலிருந்து அது ‘பெருவெற்றியின் ஆண்டு’ என்று மாறியது. அந்த வருடம் பிப்ரவரியில் எழுதப்பட்டதாகச் சொல்லும் சான்றில் ‘பெருவெற்றியின் ஆண்டு’ என்று இருந்தால், எழுதியவனுக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அல்லது சான்று பிற்பாடு எழுதப்பட்டது.

பணமும் இதே மாதிரி பேசும். குடியரசுப் பகுதியில் 1936 ஜூலை 18-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த ஸ்பெயின் வங்கி நோட்டுகள் செல்லாது என்று பிராங்கோ அரசு அறிவித்தது. எது செல்லும், எது செல்லாது என்பதை நோட்டில் அச்சான தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பழைய தேதியோடு அச்சான நோட்டுகள் போர்க்காலத்தில் வெளியே விடப்பட்டன. வரிசை எழுத்தையும் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். உங்கள் கதையில் மெத்தைக்கடியில் பெட்டி நிறைய நோட்டு கிடைக்கிறது, கொலைக்கான காரணம் அதுவே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் செல்லும் வரிசை எவ்வளவு, செல்லாத வரிசை எவ்வளவு என்று ஆய்வாளர் பிரித்துப் பார்க்கட்டும். செல்லாததை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால், திருடியவனுக்குப் பட்டியல் தெரியும். வங்கியில் வேலை பார்த்தவனா, மாற்றிக் கொடுக்கும் தரகனா? நல்ல தடயம் என்பது இப்படி அந்தக் காலத்துக்கு மட்டும் பொருந்த வேண்டும்.

ரேஷன் 1939 மே மாதத்திலிருந்து. முதலில் குடும்ப அட்டை. தனிநபர் அட்டை 1943-இல் வந்தது. முறை முடிந்தது 1952-இல். வயது வந்த ஆணுக்கு முழுப் பங்கு, பெண்ணுக்கும் அறுபது தாண்டியவருக்கும் 80 சதவீதம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 60 சதவீதம். இவை காகித அளவுகள்; கடையில் கிடைத்தது அதற்கும் கீழே. மீதி எஸ்திராபெர்லோ, அதாவது கள்ளச் சந்தை. (அந்தச் சொல் 1935-இல் வெடித்த ஒரு சூதாட்டச் சக்கர ஊழலிலிருந்து வந்தது, அந்த எந்திரத்தைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை ஒட்டவைத்தது.) கதைக்கு உதவும் இடம் கணக்கு. அட்டையில் மூன்று பேர் உள்ள வீட்டில் நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு வெளியில் மாவு வாங்கினால், அட்டையில் இல்லாத ஒரு வாய் உள்ளே இருக்கிறது. சுவருக்குப் பின்னாலும் பரணிலும் ஒளிந்திருந்த இவர்களை ‘அகழெலிகள்’ என்பார்கள். மிகாஸ் ஊர் முன்னாள் மேயர் மனுவேல் கோர்ட்டெஸ் இப்படி முப்பது வருடம் வீட்டுக்குள் இருந்து, 1969-இல் போர்க்காலக் குற்றங்கள் காலாவதியானதாக அறிவிக்கப்பட்ட பிறகே வெளியே வந்தார். உங்கள் கொலையை நேரில் பார்த்தது அப்படியொருவர் என்றால், சாட்சி இருக்கிறார், ஆனால் அவர் உயிரோடு இருப்பதே குற்றம்.

கொலைக்கான காரணத்தைக் காதலிலும் கடனிலும் தேடியிருக்கிறீர்கள். சட்டப் புத்தகத்தில் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. 1939 செப்டம்பர் 23 என்ற ஒரே தேதியில் இரண்டு சட்டங்கள். ஒன்று, 1932-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்தது. தேவாலயத்தில் மணந்து, குடியரசுக் காலத்தில் விவாகரத்து பெற்றவர்களில் ஒருவர் கேட்டால் அந்த விவாகரத்தே இல்லாமலாகிவிடும். இரண்டாம் கணவனோடு வாழும் பெண் ஒரே மனுவில் மறுபடி முதல் கணவனின் மனைவி. அந்த முதல் கணவன்தான் பிணமா? இரண்டாவது சட்டம் இன்னும் வினோதம். குடியரசு பிறந்த 1931 ஏப்ரல் 14 முதல் 1936 ஜூலை 18 வரை, இயக்கத்தின் கொள்கையோடு ஒத்த நோக்கத்தில் செய்யப்பட்ட அரசியல் குற்றங்கள் குற்றங்களே அல்ல என்றது. கொலையும் அதில் சேரும். 1934-இல் ஒரு தொழிற்சங்கக்காரரைச் சுட்டவன் இப்போது சட்டத்தின் கண்ணில் எதுவும் செய்யாதவன். பழைய வழக்குக்கும் புதிய கொலைக்கும் தொடர்பு கண்டுபிடிக்கும் ஆய்வாளர், பழையதைக் கோப்பில் எழுதவே முடியாது.

மூன்றாவது, அரசியல் பொறுப்புச் சட்டம், 1939 பிப்ரவரி 9. இது 1934 அக்டோபர் வரை பின்னோக்கிப் பாயும். அபராதம், சொத்துப் பறிமுதல், ஊர் விலக்கு எல்லாம் உண்டு. இதில் கதைக்காரர் கவனிக்க வேண்டிய விதி: குற்றம் சாட்டப்பட்டவர் செத்தாலும் வழக்கு சாகாது. அபராதம் வாரிசுகள்மேல் விழும். சாதாரணத் துப்பறியும் கதையில் பணக்கார மாமா செத்தால் மருமகனுக்கு லாபம். இங்கே அவர் சாவதால் மருமகன் தலையில் கடன் ஏறலாம், அல்லது அவர் ‘காணாமல் போனவர்’ என்றே இருப்பது எல்லோருக்கும் வசதியாகலாம். பிணத்தை ஒளிப்பதற்கு இதைவிட யதார்த்தமான காரணம் கிடைக்காது.

சாட்சிகள் விஷயத்தில்தான் உங்கள் கதை அதிகம் சறுக்குகிறது. வாயிலோரம் இருக்கும் போர்ட்டெரோ என்ற கட்டடக் காவலர் யார் வந்தார், யார் போனார் என்று அறிந்தவர். மாட்ரிட் விழுந்ததும் குடியிருந்தோர் பற்றி இவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். செரெனோ இரவுக் காவலர். தெருக் கதவுகளின் சாவி அவரிடம். நள்ளிரவில் வீடு திரும்புபவர் கைதட்டிக் கூப்பிட்டால் வந்து திறப்பார். எனவே ‘யாரும் பார்க்காமல் உள்ளே போனான்’ என்பது 1940 மாட்ரிட்டில் எளிதாக நடக்காது, கொலைகாரன் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாலன்றி. இந்த இருவரையும் விட்டுவிட்டு நீங்கள் அண்டை வீட்டாரிடம் போயிருக்கிறீர்கள். அதுவும் போகட்டும். ஆய்வாளர் ஒருத்தியின் பொய்யைப் பிடித்து, அதை வைத்தே வழக்கை முடிக்கிறார். அந்த ஊரில் எல்லோரும் பொய் சொல்வார்கள்: தம்பி சிறையில் இருப்பதை மறைக்க, வானொலிப் பெட்டியை மறைக்க, இரண்டு கிலோ எண்ணெயை மறைக்க, போரில் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை மறைக்க. பொய் அங்கே தடயமாகாது. சொன்னால் ஆபத்து என்று தெரிந்தும் ஒருவர் சொல்லும் உண்மைதான் தடயம். எதற்காக அதைச் சொன்னார் என்று உங்கள் ஆய்வாளர் யோசிக்க வேண்டும். துப்பறியும் கதையின் அடிப்படைக் கணக்கே இங்கே தலைகீழ்; இதைப் பிடித்துக்கொண்டால் உரையாடல்கள் தாமே இறுகும்.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. 1940 மார்ச் 16 இரவு 11 மணிக்கு ஸ்பெயினின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. 11 மணி 12 ஆனது, அந்த இரவில் 11 முதல் 12 வரை என்ற ஒரு மணி நேரமே இல்லை. 11.30-க்குத் தன்னோடு இருந்தான் என்று ஒருவர் சாட்சி சொன்னால் எந்தக் கடிகாரத்தின் 11.30? மாற்றாமல் விட்ட சுவர்க் கடிகாரம் என்றால் அது புது நேரப்படி 12.30. போரின்போதே, 1938 கோடையில், இரு தரப்புப் பகுதிகளும் ஒரு மணி வித்தியாசத்தில் ஓடின. கதையை இலையுதிர்காலத்திலிருந்து மார்ச்சுக்கு நகர்த்தலாம் என்பது என் எண்ணம். இது கையில் வந்து விழுந்த பழம்.

ஆயுதம்: ‘9 மி.மீ. துப்பாக்கி’ என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெயினில் அப்போது பரவலாக இருந்தது 9 மி.மீ. லார்கோ தோட்டா, ராணுவம் 1921-இல் ஏற்ற அஸ்திரா 400 அதைத்தான் சுடும், எட்டுத் தோட்டா பிடிக்கும். இரு தரப்பும் அதை வைத்திருந்ததால் வெற்றுத் தோட்டா உறை ஒன்றும் சொல்லாது. துப்பாக்கியே கிடைத்தால் கதை வேறு. குடியரசுப் பகுதியில், கத்தலோனியாவின் தராசா ஊரில் செய்த நகல்களில் ‘எஃப். அஸ்காசோ’ என்ற முத்திரை இருக்கும். அஸ்காசோ 1936-இல் செத்த அனார்க்கிஸ்டுத் தலைவர். பிணத்தருகே அந்த முத்திரையோடு துப்பாக்கி கிடந்தால் தோற்றவர்களைக் கைகாட்டுகிறது. பழிபோட விரும்புபவன் வாங்க வேண்டியதும் அதையேதான். கைரேகையை எடுத்துவிட வேண்டியதில்லை. மருத்துவர் ஃபெதெரிகோ ஒலோரிஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே கைரேகை வகைப்பாட்டை நிறுவிவிட்டார்.

உடலில் தெரியும் அடையாளங்களும் காலத்தைச் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் ஏழைகள் அல்மோர்தா என்ற கேசரிப் பருப்பு மாவைக் கஞ்சியாக மாதக்கணக்கில் தின்றார்கள். அதிலுள்ள நச்சு நரம்பைத் தாக்கி முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போகும். கால் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நடப்பார்கள். 1940 முதல் 1943 வரை இது பரவியது. நொண்டும் ஒருவரைப் போர்க் காயம் என்று ஆய்வாளர் நினைத்துப் பின்தொடர, அது பசியின் காயமாக இருக்கலாம். 1941-இல் பேன் வழி பரவிய டைபஸ் காய்ச்சல், மக்கள் வாயில் ‘பச்சைப் பேன்’. தொற்றுப் பிணத்தை யாரும் நெருங்கிப் பார்க்காமல் புதைத்துவிடுவார்கள் என்பது கொலைகாரனுக்கும் தெரியும். ஆனால் 1941-க்கு முன் இதைப் பயன்படுத்தினால் வாசகர் பிடித்துவிடுவார்.

ஆள்மாறாட்டம் வைக்க நினைத்தால் இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள். காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிய 1936 நவம்பரிலேயே கிளர்ச்சித் தரப்பு ஓர் ஆணை போட்டது. சாட்சிகளின் வாய்மொழி போதும், பிணம் வேண்டாம். சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்குக் காரணம் ‘ரத்தப்போக்கு’ என்றோ ‘போர்ச் சம்பவம்’ என்றோ எழுதினார்கள். வென்ற தரப்பினரின் உடல்களைப் போர் முடிந்ததும் தோண்டி, அடையாளம் கண்டு, மரியாதையோடு புதைத்தார்கள். தோற்றவர்களின் உடல்கள் சாலையோரப் பள்ளங்களிலேயே கிடந்தன. 2000-இல் பிரியரான்சா தெல் பியெர்சோவில் தொடங்கித்தான் அவற்றைத் தடயவியல் முறைப்படி தோண்டினார்கள். உங்கள் ஆய்வாளர் ஒரு பிணத்தைத் தேடித் தோண்டுகிறார். நான்கு எலும்புக்கூடுகள் வருகின்றன. மற்ற மூன்றும் எந்தத் தரப்பு என்பதைப் பொறுத்து, தோண்டியதற்காக அவருக்குப் பாராட்டோ பணிநீக்கமோ வரும்.

மேலும் படிக்க: அரசிதழ் முழுதும் இணையத்தில் இலவசம், மேலே சொன்ன சட்டங்களின் மூலத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். தேசிய நூலகத்தின் இதழ்க் காப்பகத்தில் அக்காலச் செய்தித்தாள்கள் இருக்கின்றன. 1938-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்படி எல்லாம் முன்தணிக்கை என்பதால், கொலைச் செய்தி எப்படி இருந்தது என்பதைவிட எவ்வளவு குறைவாக இருந்தது என்று பாருங்கள். ‘காவ்சா ஹெனெரால்’ என்ற பெரும் விசாரணைத் தொகுப்பு, 1940 ஏப்ரல் 26 ஆணையில் தொடங்கியது, ஸ்பெயின் அரசு ஆவணக் காப்பகங்களின் பாரெஸ் தளத்தில் கிடைக்கும். தெரு, கடை, வீட்டு அமைப்பு, பேச்சு வழக்கு எல்லாவற்றுக்கும் அது சுரங்கம். ஆனால் வென்றவர்கள் தோற்றவர்களின் குற்றங்களைத் திரட்ட எழுதியது. அதிலுள்ள ஒப்புதல் வாக்குமூலங்களை அடித்து வாங்கியதாகவே எடுத்துக்கொண்டு படியுங்கள்.

முடிவைப் பற்றி. கொலைகாரனை நீதிமன்றத்தில் நிறுத்தி வாதாட வைத்திருக்கிறீர்கள். ஆய்வாளரின் மேலதிகாரி, ராணுவ வழக்கறிஞர், தணிக்கை அதிகாரி மூவரும் ஒரே நாளில் விடுப்பில் போனால்தான் அது நடக்கும். அதை எடுத்துவிடுங்கள். குற்றவாளி யார் என்று ஆய்வாளருக்கும் நீதிபதிக்கும் தெரிந்துவிட்ட பிறகு, கோப்பில் ஒரு தாள் சேரட்டும்: செய்தவர் யாரென அறியப்படாததால் வழக்கு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது. 1882 சட்டத்தில் உள்ள வழிதான் அது. ‘தற்காலிகமாக’ என்ற சொல்லின் கீழ் நீதிபதி கையெழுத்திடுவதோடு நாவலை நிறுத்திக்கொள்ளலாம்.